ரிப்போர்ட்டில் பாசிட்டிவ், தட்டில் இறால்

அலர்ஜி ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு வருகிற அம்மா அப்பாக்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். என் கடை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான், அதனால் நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி என்று சுத்துப்பட்டு ஆட்கள் எல்லாம் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ரிப்போர்ட் என்றால் ஒரு தாள் இல்லை, நாலைந்து பக்கம். அரிசி, கோதுமை, துவரம்பருப்பு, பால், முட்டை, தக்காளி, கத்திரிக்காய், வாழைப்பழம், இறால், கரப்பான்பூச்சி, வீட்டுத் தூசி என்று வரிசையாகப் போட்டு, பாதிக்கு மேல் சிவப்பு எழுத்தில் இருக்கும். “அண்ணா, இதெல்லாம் குடுக்கக்கூடாதுன்னா அப்புறம் புள்ளைக்கு என்னத்தைதான் ஆக்கிப் போடறது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி வருவதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் நான் திருப்பிக் கேட்பேன்: “இதில் எதைச் சாப்பிட்டு குழந்தைக்கு என்ன ஆச்சு?” பெரும்பாலும் பதில், “அப்படி ஒண்ணும் ஆகலைங்க, அடிக்கடி சளி பிடிக்குது, அதான் டெஸ்ட் எடுத்தோம்.”

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். இங்கே எழுதுவது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது, படித்தது, என் தங்கை மகனோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் தெரிந்துகொண்டது.

அந்த ரத்தப் பரிசோதனை அளப்பது ஐஜிஇ என்கிற எதிர்ப்புப் பொருளை. ஒரு பொருளைப் பகையாளி என்று உடம்பு தவறாகக் குறித்துக்கொண்டால் அதற்கென்று ஐஜிஇ உண்டாகி, தோலிலும் மூக்கிலும் குடலிலும் இருக்கிற மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அந்தப் பொருள் உள்ளே வரும்போது அந்த செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அரிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் அதன் வேலை. சரி, ஆனால் ஐஜிஇ இருக்கிறது என்பதாலேயே கொட்டும் என்று இல்லை. ரத்தத்தில் 0.35 யூனிட்டைத் தாண்டினால் லேப் பாசிட்டிவ் என்று போட்டுவிடும், அதைத் தாண்டியும் அந்தப் பொருளைத் தின்று செரித்து ஒன்றும் ஆகாமல் திரிகிற குழந்தைகள் ஏராளம். கரப்பான் (பூச்சி இல்லை, எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு நோய்) உள்ள குழந்தைகளுக்குக் கேட்கவே வேண்டாம், மொத்த ஐஜிஇ ஏறியிருப்பதால் கண்டதற்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பாசிட்டிவ் காட்டும். எண் பெரிதாக இருந்தால் நிஜமான ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான்; வந்தால் எவ்வளவு மோசமாக வரும் என்பதை அந்த எண் சொல்லாது.

இதைவிடக் கொடுமை ஐஜிஜி என்கிற இன்னொரு வகை எதிர்ப்புப் பொருளைப் பார்த்துவிட்டு உணவுப் பட்டியல் தருவது. நாம் சாப்பிடுகிற சாதாரண உணவுக்கெல்லாம் உடம்பு ஐஜிஜி உண்டாக்கத்தான் செய்யும். குழந்தை தினமும் பால் குடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஆயிரக்கணக்கில் பணம் கட்டவேண்டாம், அதன் அம்மாவைக் கேட்டாலே சொல்லிவிடுவார். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ஐஜிஜி-யைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டன. இங்கே விளம்பரம் மட்டும் ஓயவில்லை.

பட்டியலைப் பார்த்துப் பயந்து பாலையும் முட்டையையும் பருப்பையும் நிறுத்தினால் எடை குறையும், அது எல்லோருக்கும் புரிகிறது. புரியாதது இன்னொன்று. கரப்பான் இருக்கிற குழந்தை ஒன்றும் ஆகாமல் சாப்பிட்டு வந்த பொருளை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது நிஜமாகவே கடுமையான ஒவ்வாமை வந்த சம்பவங்கள் உண்டு. அதாவது இல்லாத நோயைத் தாள் பார்த்து வரவழைத்துக்கொள்வது. நம் வீடுகளில் வேறு பாட்டிகள் கத்திரிக்காய், கருவாடு, இறால் எல்லாம் கரப்பான் பண்டம் என்று ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதோடு இதுவும் சேர்ந்தால் பிள்ளை ரசஞ்சோறுதான்.

என் தங்கை மகன் விஷயத்துக்கு வருகிறேன். தங்கையைக் கட்டிக்கொடுத்தது பண்ருட்டிப் பக்கம். மாமனாருக்கு முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததில் பழைய மரமெல்லாம் வேரோடு சாய்ந்து, மறுபடி வைத்து வளர்த்த தோப்பு. அந்த வீட்டில் முந்திரிப்பருப்பு ஒவ்வாத பேரன். அவனுக்கு 4 வயதில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் முந்திரி பக்கோடா இரண்டு வாய் தின்றான், இலை எடுப்பதற்குள் உதடு வீங்கி, உடம்பு முழுக்கத் தடித்து, வாந்தி, குரல் கம்மிவிட்டது. நல்லவேளை, பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் யோசிக்காமல் தொடையில் அட்ரினலின் போட்டார். கொஞ்ச நேரத்தில் குரல் திரும்பியது.

அப்புறம் வீட்டில் ஆளுக்கொரு காரணம். ஓட்டில் இருக்கிற எண்ணெய் பருப்பில் ஒட்டியிருக்கும், சரியாக வறுக்கவில்லை என்று மாமனார் சொன்னார். முந்திரி உடைக்கிற பெண்களின் கையைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது சகஜம், அந்த எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்து கிடக்கும். ஆனால் அது எண்ணெய் தோலைப் பொசுக்குவது. இவனுக்கு வந்தது பருப்புக்குள்ளே இருக்கிற புரதத்தால். முந்திரியில் அனா ஓ 3 என்று ஒரு புரதம், வறுத்தாலும் போகாது, வயிற்று அமிலத்திலும் லேசில் கரையாது. எண்ணெய் கழுவி வறுத்து வெள்ளையாகத் தோலெடுத்த முதல் தரப் பருப்பாக இருந்தாலும் இவனுக்கு ஒன்றுதான்.

புதுச்சேரியில் ஒரு ஒவ்வாமை மருத்துவரிடம் போனோம். டெஸ்டுக்கு முன்னால் அவர் பேசிய நேரம்தான் அதிகம். என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில் ஆரம்பித்தது, முதலில் எங்கே, அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா, மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தீர்களா, சாப்பிட்டுவிட்டு ஓடி விளையாடினானா, இதற்கு முன் முந்திரி சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்தது உண்டா, பிஸ்தா சாப்பிட்டிருக்கிறானா, வேர்க்கடலை? தங்கை போனில் எடுத்த போட்டோவைக் காட்டியதும் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். தடிப்பு என்று வாயால் சொல்வதற்கும் போட்டோவுக்கும் நிறைய வித்தியாசம், காணாக்கடி, வேர்க்குரு, கொசுக்கடி எல்லாவற்றையும் நாம் தடிப்பு என்றுதான் சொல்கிறோம். குழந்தைகளுக்கு வருகிற காணாக்கடி நிறைய நேரம் வைரஸ் காய்ச்சலோடு வருவது, பழி மட்டும் முந்தின நாள் தின்ற மீன் மேல் விழும். மீனோ பருப்போ காரணம் என்றால் பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிடும், ஒவ்வொரு முறை தின்னும்போதும் வரும்.

தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மருந்துகளை நிறுத்தச் சொல்லியிருந்தார். “அண்ணே, செட்ரிசின் நிறுத்திட்டேன், சளி மருந்து மட்டும்தான் குடுக்கறேன்” என்றாள் தங்கை போனில். பாட்டிலைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். நினைத்தமாதிரியே அதில் குளோர்பெனிரமின். கடைகளில் கிடைக்கிற சளி, ஜலதோஷ சிரப்புகள் பலவற்றில் இது இருக்கிறது, இதுவும் ஹிஸ்டமினைத் தடுக்கிற மருந்துதான், கொடுத்துவிட்டுப் போனால் தோல் ஒன்றுமே காட்டாமல் உட்கார்ந்திருக்கும். தேதியை ஒரு வாரம் தள்ளிப் போட்டோம்.

டெஸ்ட் பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில் பேனாவால் புள்ளி புள்ளியாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, சின்ன முள் மாதிரி ஒன்றால் மேலாகக் குத்தினார்கள், ரத்தம்கூட வரவில்லை. ஒரு சொட்டு வெறும் உப்புத் தண்ணீர், ஒரு சொட்டு ஹிஸ்டமின். உப்புத் தண்ணீர் தடிக்கக்கூடாது, ஹிஸ்டமின் தடித்தே ஆகவேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றதை நம்பலாம். பிறகு கால் மணி நேரம் சொறியாமல் உட்காரவேண்டும், அழாமல் குத்திக்கொண்ட பையன் இதற்குத்தான் அழுதான். முந்திரிச் சொட்டு இருந்த இடம் வெளிறிப்போய், சுற்றிச் சிவந்து, ஓரத்தில் கால் முளைத்தமாதிரி பரவியது. அந்தத் தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு ஸ்கேல் வைத்து அளந்தார்கள். உப்புத் தண்ணீரைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். இது அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. பிஸ்தாவும் பெரிதாகவே வந்தது, இரண்டும் ஒரே குடும்பத்து மரம், புரதங்களும் கிட்டத்தட்ட ஒன்று. மாமரமும் அதே குடும்பம்தான், ஆனால் மாம்பழம் அவன் பாட்டுக்குத் தின்கிறான், தின்னட்டும் என்றார். வேர்க்கடலை ஒன்றுமில்லை.

வீட்டுத் தூசிப் பூச்சியும் பாசிட்டிவ், இறாலும் பாசிட்டிவ். தங்கைக்கு முகம் செத்துவிட்டது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஓ.டி. (கடலூர் பழைய டவுன்) துறைமுகத்தில் காலையில் இறால் வாங்காமல் ஊருக்குப் போகமாட்டாள், பையனுக்கும் இறால் தொக்கு என்றால் உயிர். டாக்டர் கேட்டார், “கடைசியா எப்போ இறால் சாப்பிட்டான்?” போன ஞாயிற்றுக்கிழமை. “என்ன ஆச்சு?” ஒன்றும் ஆகவில்லை, இன்னும் கேட்டான். “அப்போ தொடர்ந்து குடுங்க, நிறுத்தாதீங்க.” தூசிப் பூச்சி, கரப்பான்பூச்சி, இறால், நண்டு எல்லாவற்றிலும் ட்ரோபோமயோசின் என்று ஒரே சாயலில் ஒரு புரதம் இருக்கிறது, தூசிப் பூச்சிக்கு உண்டான ஐஜிஇ இறாலையும் அதே ஆள் என்று நினைத்துக் கை நீட்டுகிறது, அவ்வளவுதான். இதே முடிவை ஒரு பேக்கேஜ் ரிப்போர்ட்டில் தனியாகப் பார்த்திருந்தால் இறால் அன்றோடு நின்றிருக்கும். நிஜமாகவே இறால் ஒவ்வாதவர்கள் உண்டு, அவர்களுக்கு அந்தப் புரதம் கொதித்தாலும் போகாது, குழம்பு ஆவி பட்டே இளைப்பு வருகிறவர்கள்கூட உண்டு. அவர்கள் மீனை விடவேண்டிய அவசியம் பொதுவாக இல்லை, மீனில் ஒவ்வாமை தருவது வேறு புரதம்.

சந்தேகம் தீராதபோது கடைசித் தீர்ப்பு தின்று பார்ப்பதுதான். வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில், ஊசி மருந்து தயாராக வைத்துக்கொண்டு, துளியில் ஆரம்பித்து இடைவெளி விட்டு அளவை ஏற்றிக்கொண்டே போவார்கள். பாலுக்கும் முட்டைக்கும் ஒவ்வாமை இருந்த குழந்தைகள் பலருக்கு வளர வளர அது போய்விடுகிறது, போய்விட்டதா என்று பார்க்கவும் இதே வழிதான். முந்திரி அவ்வளவு சுலபமாகப் போவதில்லை.

இப்போது முக்கியமான விஷயம், அட்ரினலின். மூச்சுத்திணறல், குரல் மாற்றம், துவண்டு போதல், தடிப்போடு சேர்ந்து ஓயாத வாந்தி, இந்த மாதிரி வந்தால் செட்ரிசின் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. செட்ரிசின் அரிப்பைக் குறைக்கும், இறங்குகிற ரத்த அழுத்தத்தையும் அடைக்கிற மூச்சுக்குழலையும் அதனால் ஒன்றும் செய்யமுடியாது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின், அது ஒன்றுதான் முதல் மருந்து. அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் இருக்கிற ஆம்பூல் (உடைத்துத் திறக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி) என்றால் 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லி. சரியாகாவிட்டால் 5 நிமிஷத்துக்கு அப்புறம் இன்னொன்று. படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைக்கவேண்டும், மூச்சுத்திணறினால் உட்கார்ந்திருக்கலாம், எழுந்து நடக்கவிடக்கூடாது. சரியாகிவிட்டாலும் 108-க்குப் போன் போட்டு ஆஸ்பத்திரி போகவேண்டும், சில மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை கிளம்புவது உண்டு.

வெளிநாட்டில் தொடையில் வைத்து அழுத்தினால் தானாகவே இறங்குகிற ஊசி பேனா இருக்கிறது. எனக்கு மருந்து சப்ளை செய்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், வரவில்லை. அதனால் டாக்டர் ஆம்பூலும் சிரிஞ்சும் எழுதிக்கொடுத்து, தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் உடைத்து ஏற்றி அளவு பார்ப்பதைச் செய்து காட்டினார். ஆம்பூல் விலை ரொம்பக் குறைவு, ஒரு சாக்லேட் காசுகூட இல்லை என்றே சொல்லலாம். ஆனால் பதற்றத்தில் ஆம்பூல் உடைப்பது லேசான காரியமா? மாப்பிள்ளை தண்ணீர் ஆம்பூல் வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பழகுகிறார். சிரிஞ்சில் 0.2 கோட்டின் மேல் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறார்கள், பையன் எடை ஏறினால் டேப்பும் ஏறும். வெயிலில், பைக் பெட்டியில் வைக்கக்கூடாது, தேதியும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இதை நானே எடுத்துத் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள், நான் சொன்னாலும்தான். டாக்டர் சீட்டும் பயிற்சியும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

முந்திரியைத் தவிர்ப்பது சொல்வதுபோல் சுலபம் இல்லை. பொங்கல், கேசரி, பாயசத்தில் கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம் என்று நினைப்பார்கள், ஒதுக்கினால் போதாது, நெய்யில் வறுத்த புரதம் அதில் இறங்கியிருக்கும். குருமாவிலும் ஓட்டல் பட்டர் மசாலாவிலும் அரைத்தே ஊற்றுகிறார்கள், தெரியவே தெரியாது. இவன் பள்ளிக்கூட டைரியின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் ஸ்வீட் கொண்டுவரும்போதுதான் சிக்கல்.

தூசிப் பூச்சி என்றேனே, கடலோர ஊர்களில் அதற்கு ராஜ வாழ்க்கை. காற்றில் ஈரம் இருந்தால் போதும், மெத்தையிலும் தலையணையிலும் நம் தோல் செதிளைத் தின்று பெருகும். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது, தலையணைக்கு நெருக்கமான உறை, இவையெல்லாம் கொஞ்சம் உதவும். இதே பூச்சியால் இளைப்பு வருகிற பிள்ளைகளுக்கு இன்ஹேலர் எழுதினால் “பழக்கமாயிடும்ணா, சிரப்பா குடுங்க” என்று கேட்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இன்ஹேலரில் போகிற ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு, நேராக நுரையீரலுக்கு. அவர்கள் மாதாமாதம் வாங்கிக் கொடுக்கிற ஸ்டீராய்டு சிரப் மில்லிகிராம் கணக்கு, உடம்பு பூரா. குழந்தைக்கு ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டுகிற குழாய்) வைத்துக் கொடுத்தால் மருந்து தொண்டையில் படியாமல் உள்ளே போகும், அதையும் கூடவே வாங்குங்கள்.

கடையில் இன்னொரு வகை வாடிக்கை, “இம்யூனிட்டி கம்மிங்க, நல்ல டானிக்கா குடுங்க.” பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிள்ளைக்கு வருஷத்தில் 6, 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம், அதுக்கு டானிக் வேண்டாம். ஆனால் நிஜமாகவே எதிர்ப்பு சக்தியில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளும் இந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறார்கள், டானிக் பாட்டில்களோடு வருஷக்கணக்காக. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நிமோனியா, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் சரியாகாதது, திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி, ஒரு வயதுக்கு மேலும் போகாத வாய்ப்புண் பூஞ்சை, எடை ஏறாதது, குடும்பத்தில் ஆண் குழந்தைகள் கைக்குழந்தையாகவே இறந்த வரலாறு, இதில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் இந்த வார்த்தைகளிலேயே சொல்லிக் கேளுங்கள். முதல் பரிசோதனை சாதாரண ரத்த அணு எண்ணிக்கை, கைக்குழந்தைக்கு லிம்போசைட் என்கிற வெள்ளை அணு 3000-க்குக் கீழ் இருந்தால் அதுவே மணி அடிக்கும். அடுத்து ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் அளவு. உணவுப் பட்டியலுக்கு உதவாத ஐஜிஜி இங்கேதான் நிஜமாக வேலை செய்கிறது, மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க. 1952-இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் திரும்பத் திரும்ப நோய்த்தொற்று வந்த 8 வயதுப் பையனின் ரத்தத்தில் காமா குளோபுலினே (ஐஜிஜி முதலான எதிர்ப்புப் பொருள்கள் அடங்கிய புரதம்) இல்லை என்று கண்டுபிடித்து, அதை ஊசியாகப் போட்டுத் தேற்றினார். இன்றைக்கும் அந்த மாதிரிக் குழந்தைகளுக்கு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறார்கள், விலைதான் தாங்காது. அம்மாவிடமிருந்து வந்த ஐஜிஜி தீரும்வரை, ஏறக்குறைய முதல் 6 மாதம், இப்படிக் குழந்தை நன்றாகவே இருக்கும்.

இந்தக் குறைகளில் சில, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே மரபணுப் பழுது வந்தால் வருபவை. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுகிற நம் குடும்பங்களில் இது கூடுதலாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. முதல் குழந்தை அப்படி இறந்திருந்தால், அடுத்த குழந்தை பிறந்த அன்று பிசிஜி போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும். அது உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி, மற்ற எல்லாக் குழந்தைக்கும் நல்லது, கடுமையான எதிர்ப்பு சக்திக் குறையுள்ள குழந்தைக்கு மட்டும் ஆபத்து.

தங்கைக்கு இரண்டாவது பெண் குழந்தை, இப்போதுதான் கூழ் ஆரம்பித்திருக்கிறாள். அண்ணனுக்கு வந்ததால் இவளுக்கு கடலை, பருப்பு எதுவும் 3 வயதுவரை வேண்டாம் என்று மாமியார் தீர்மானமாக இருந்தார். 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் 4 முதல் 11 மாதக் குழந்தைகள் 640 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வேர்க்கடலை கொடுத்தும் பாதிப் பேருக்குக் கொடுக்காமலும் 5 வயதுவரை பார்த்தார்கள், கொடுத்தவர்களிடம் கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. டாக்டரும் கடலையைத் தள்ளிப்போடவேண்டாம் என்றார். முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும் என்பதால் மைய அரைத்து, கூழில் கலந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுக்கிறாள். முந்திரிக்கு மட்டும் அடுத்த மாதம் புதுச்சேரிக்குப் போய் அவர் முன்னால் முதல் வாய். அவளுக்கு ஒத்துக்கொண்டு, அதே முந்திரி வீட்டில் ஒருத்தனுக்கு விஷம், ஒருத்திக்கு வாரம் இரண்டு முறை மருந்து மாதிரி என்றால் அம்மியை, மிக்ஸியை, கரண்டியை எப்படிப் பிரித்து வைப்பது என்று தங்கை கேட்கிறாள். இந்த மாதிரி ஒரே வீட்டில் சமாளிக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவளிடம் படித்துக் காட்டுகிறேன்.